முதல் டிரோன்: பறந்தால் போதுமா, திரும்பி வர வேண்டாமா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போய்ச் சேர்பவர்கள் முன்பெல்லாம் லேடீஸ் சீட்டில் நின்று மலைக்குக் கீழே தெரியும் ஊரைப் பார்ப்பார்கள். குடும்பத்தோடு ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இப்போது அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் தோள் பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு பொருளை எடுத்து இறக்கைகளை விரிப்பதைப் பார்க்க முடிகிறது. கல்யாண வீடுகளில் ‘ஹெலிகேம்’ என்று பெயர் வாங்கிய அதே டிரோன்தான்.

பார்ப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. காபித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் ஏரியும் மேலிருந்து எப்படி இருக்கும் என்று பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? வீட்டுக்கு வந்ததும் தேடல் தொடங்குகிறது. “எத்தனை மெகாபிக்சல்? 4கே இருக்கா? எவ்வளவு தூரம் போகும்?” கடையிலும் ஆன்லைனிலும் கேட்கப்படும் முதல் மூன்று கேள்விகள் இவைதான்.

முதல் டிரோன் வாங்குபவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “இது திரும்பி வருமா?” சமவெளியில் இந்தக் கேள்வியை மறந்தால், விழுந்த டிரோனை வயலில் தேடி எடுத்துவிடலாம். சேர்வராயன் மலையில் மறந்தால், அது பள்ளத்தாக்கில் எந்த மரத்தின் உச்சியில் தொங்குகிறது என்பதுகூடத் தெரியாது.

புறா சொல்லிக் கொடுத்த பாடம்

வானிலிருந்து படம் எடுக்கும் ஆசை டிரோனோடு வந்ததல்ல. 1858-லேயே பிரான்ஸில் நாடார் என்ற புனைபெயர் கொண்ட புகைப்படக்காரர் பலூனில் ஏறிப் படம் எடுத்தார். (நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருந்தாலும் அவர் பாரிஸ்காரர்!) அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, ஜெர்மனியில் மருந்துக் கடை நடத்திய யூலியஸ் நியூப்ரோனர் இன்னொரு வழி கண்டுபிடித்தார். புறாவின் மார்பில் குட்டிக் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். கேமரா குறிப்பிட்ட நேரத்தில் தானாகவே படம் எடுக்கும். 1908-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

ஏன் புறா? காக்கையும் பறக்கும், பருந்து இன்னும் உயரமாகப் பறக்கும். ஆனால், எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் வளர்த்தவரின் கூட்டுக்கே திரும்பி வருவது புறாதான். கேமரா படம் எடுத்தால் மட்டும் போதாது, அந்தப் படம் கைக்கு வந்து சேர வேண்டும். நூறு வருடம் கழித்து டிரோன் வாங்கப் போகும் ஒருவருக்கும் இதே கணக்குதான்.

வீடு திரும்பும் பட்டன்

கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொம்மை டிரோன்கள் பெரும்பாலானவற்றில் ஜி.பி.எஸ். கிடையாது. ரிமோட்டிலிருந்து கையை எடுத்தால் அவை நின்ற இடத்தில் நிற்காது, காற்று தள்ளும் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். வீட்டு ஹாலில் விளையாட அது போதும். பக்கோடா பாயிண்டில் பறக்கவிட்டால், போனது போனதுதான்.

ஜி.பி.எஸ். உள்ள டிரோன், செயற்கைக்கோள்கள் மூலம் தான் கிளம்பிய இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சிக்னல் அறுந்தாலோ பேட்டரி குறைந்தாலோ தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். இதற்கென ரிமோட்டில் தனி பட்டனும் இருக்கும். முதல் டிரோனுக்கு இந்த வசதி கட்டாயம். இது இல்லாமல் எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் பயனில்லை.

ஆனால் இந்த வசதியிலும் மலைக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. திரை காட்டும் உயரம், கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கீழே இருக்கும் தரையிலிருந்து அல்ல. ஒரு காபி எஸ்டேட்டின் அடிவாரத்தில் நின்று டிரோனைக் கிளப்பி, 60 மீட்டர் உயரத்தில் மேட்டுப் பங்களாவை நோக்கி அனுப்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பங்களா அடிவாரத்தைவிட 80 மீட்டர் மேலே இருந்தால்? திரையில் ‘60 மீட்டர்’ என்று பத்திரமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே டிரோன் நேராகப் போய் மலைச்சரிவில் மோதும்.

திரும்பி வரும்போதும் இதே ஆபத்துதான். டிரோன் முதலில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, பிறகு நேர்கோட்டில் வீடு திரும்பும். அந்த உயரத்தை எவ்வளவு என்று வைப்பது உரிமையாளரின் பொறுப்பு. ஏற்காட்டுத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக், 20, 30 மீட்டர் வரை சாதாரணமாக வளரும். திரும்பும் உயரம் 20 மீட்டர் என்று இருந்தால், வீடு திரும்பும் பட்டனே டிரோனை மரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

எனவே டிரோனைக் கிளப்பும் முன் ஒரு முறை சுற்றிலும் பார்க்க வேண்டும். போகிற வழியில் உள்ள உயரமான மரத்தையும் மேட்டையும் கணக்கில் எடுத்து, அதற்கு மேல் திரும்பும் உயரத்தை வைக்க வேண்டும். கடையில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது: “திரும்பி வரும் உயரத்தை நாமே மாற்றிக்கொள்ளலாமா?”

249 கிராம் ரகசியம்

கைக்கு அடக்கமான டிரோன்கள் பலவற்றின் எடை 249 கிராம் என்று போட்டிருக்கும். தயாரிப்பாளர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஏன் இந்த எண்ணில் நிற்கிறார்கள்? பல நாடுகளின் சட்டம் 250 கிராமில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் கெடுபிடி குறைவு. 2019-ல் ஒரு சீன நிறுவனம் தன் சின்ன டிரோனை 249 கிராமில் வெளியிட்டது. ஜப்பானில் மட்டும் அப்போது கோடு 200 கிராமில் இருந்ததால், அந்த நாட்டுக்கென்றே பேட்டரியைச் சுருக்கி 199 கிராமில் விற்றது!

இந்தியாவிலும் 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த டிரோன் விதிகள் எடையை வைத்தே வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை ‘நானோ’. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. நானோ ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. 2 கிலோ வரை உள்ளதைச் சொந்த ஆசைக்கு ஓட்டினாலும் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால், கல்யாண வீடியோ, ரிசார்ட் விளம்பரம் என்று காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ டிரோன் ஓட்டினால் சான்றிதழ் வேண்டும். அதைப் பெற 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 250 கிராம் என்பது பேட்டரி, மாட்டிய பொருட்கள் எல்லாம் சேர்ந்த எடை. 249 கிராம் டிரோனில் இறக்கைக் காப்பு வளையம் மாட்டினாலோ, அதிக நேரம் ஓடும் பெரிய பேட்டரி போட்டாலோ அது நானோ வகையிலிருந்து வெளியே வந்துவிடும். வீட்டுச் சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்ப்பது நல்லது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எடை குறைந்த டிரோனால் ஆபத்தும் குறைவு. தவறி விழுந்தால் 249 கிராம் ஏற்படுத்தும் காயத்துக்கும் ஒரு கிலோ ஏற்படுத்தும் காயத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. புதிதாக ஓட்டுபவர் ஒரு முறையாவது விழ வைப்பார் என்பதால், அந்த வித்தியாசம் முக்கியம்.

மலைக்காற்று சும்மா இருக்காது

சின்ன டிரோனுக்கு ஒரு குறை உண்டு: காற்று. 249 கிராம் ரகங்களில் பழையவை வினாடிக்கு 8 மீட்டர் காற்று வரை தாங்கும் என்றும், பின்னால் வந்தவை 10 மீட்டருக்குச் சற்று மேல் வரை தாங்கும் என்றும் தயாரிப்பாளர் குறிப்புகள் சொல்கின்றன. மணிக்கு முறையே 29 கிலோமீட்டர், 38 கிலோமீட்டர் வேகக் காற்று அது. நிற்கும் இடத்தில் இலை அசையாமல் இருக்கும். ஆனால், பாறை விளிம்பைத் தாண்டிய நொடியில் பள்ளத்திலிருந்து மேலேறும் காற்று டிரோனைத் தூக்கி அடிக்கும். வெயில் ஏறஏற மலைச்சரிவில் மேல்நோக்கிய காற்றும் ஏறும். புதியவர்களுக்கு ஏற்ற நேரம், பனிமூட்டம் விலகிய காலைப் பொழுது.

காற்று இருந்தால் முதலில் அதை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வர வேண்டும். மாற்றிச் செய்பவர்கள் போகும்போது ஜாலியாகப் போய்விட்டு, பாதி பேட்டரியோடு எதிர்க்காற்றில் சிக்கித் தவிப்பார்கள். சைக்கிளில் எதிர்க்காற்றில் வீடு திரும்பியவர்களுக்கு இது புரியும்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. டிரோன் பறக்க இது தடையல்ல, ஆனால் இறக்கைகள் வேகமாகச் சுழல வேண்டும். குளிர் காலையில் பேட்டரியும் வேகமாக இறங்கும். ‘30 நிமிடம்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், மலையில் 20 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பேட்டரி பாதி ஆனதும் திரும்புவது என்ற பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கிளம்பும் வரை பேட்டரியைச் சட்டைப் பைக்குள் கதகதப்பாக வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பனிமூட்டம் படத்துக்கு அழகு, டிரோனுக்கு எதிரி. மூட்டம் என்பது நுண்ணிய நீர்த்துளிகள்தானே! லென்ஸ் மங்கும், மோட்டாரில் ஈரம் இறங்கும், ஓட்டுபவர் கண்ணிலிருந்து டிரோன் மறைந்துபோகும். மூட்டம் ஏறி வருவது தெரிந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். ஏற்காட்டில் அது சில நிமிடங்களில் ஊரையே மூடிவிடும்.

ஏரிக்கு மேல் பறக்கவிடுபவர்களும் கவனிக்க வேண்டும். பல டிரோன்கள் அடியில் உள்ள கேமராவால் தரையைப் பார்த்தே தாழ்வான உயரத்தில் நிலையாக நிற்கின்றன. அசையும் தண்ணீரில் அந்தக் கணக்கு குழம்பும். நீர்ப்பரப்புக்கு மேலே தாழப் பறப்பது புதியவர்களுக்கு வேண்டாத விளையாட்டு.

4கே என்ற மந்திரச் சொல்

இப்போது கேமராவுக்கு வரலாம். மலிவு டிரோன் பெட்டிகளில் ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அவற்றில் பல, சின்னப் படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுபவை. இட்லி மாவில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போலத்தான்.

பார்க்க வேண்டியது ‘கிம்பல்’. டிரோன் காற்றில் ஆடினாலும் கேமராவை ஆடாமல் பிடித்து வைக்கும் சின்ன மோட்டார் அமைப்பு அது. மூன்று அச்சுகளிலும் சமன் செய்யும் கிம்பல் இருந்தால், சாதாரண முழு ஹெச்.டி. வீடியோகூட அழகாக இருக்கும். கிம்பல் இல்லாத 4கே வீடியோ, மாட்டு வண்டியில் உட்கார்ந்து எடுத்தது போல இருக்கும். அதிலும் வீடியோவைப் பெரும்பாலோர் பார்க்கப்போவது கைபேசித் திரையில். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது சுருங்கியும்விடும். ஆடாத படம்தான் கண்ணுக்கு இதம்.

முன்பக்கத் தடைகளை உணரும் சென்சார் இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பிவிடக் கூடாது. மெல்லிய மரக்கிளையும் மின்கம்பியும் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் நெருக்கமாக நிற்கும் தோட்டத்துக்குள், தொழில்முறை ஆட்களே யோசித்துத்தான் நுழைவார்கள்.

துபாய் மாமா வாங்கி வரலாமா?

“வெளிநாட்டிலிருந்து மாமா வருகிறார், அங்கே விலை குறைவு, வாங்கி வரச் சொல்லலாமா?” என்ற கேள்வி பல வீடுகளில் எழும். வேண்டாம் என்பதே பதில். 2022 பிப்ரவரி 9-ல் மத்திய அரசு முழு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. உதிரியாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மாட்டும் தொகுப்புகளுக்கும் அதே தடைதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புப் பணி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவதும் இறக்குமதிதான். விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் தெரிவிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் டிரோனும் இருக்கிறது. ஆசையாக வாங்கி வரும் மாமா, சுங்க அதிகாரி முன்பு கைகட்டி நிற்கும் நிலை வரலாம்.

அதே காரணத்தால், உள்ளூர்க் கடையில் ‘பில் இல்லாமல் விலை குறைவு’ என்று தருவதும் வேண்டாம். வாரண்டி, சர்வீஸ், பதிவு மூன்றிலும் சிக்கல் வரும். உள்நாட்டில் தயாரான டிரோன்கள் இப்போது நானோ வகையிலும் கிடைக்கின்றன. வாங்கும் முன் உதிரி இறக்கை, பேட்டரி, சர்வீஸ் சென்டர் ஆகியவை சேலத்திலோ சென்னையிலோ கோவையிலோ கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய டிரோன் வாங்குபவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதல் பில் இருக்கிறதா? பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்துவிட்டாரா? பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது, உப்பியிருக்கிறதா? அடையாள எண் இருந்தால் அதைப் பெயர் மாற்றித் தருவாரா? உப்பிய பேட்டரியை இலவசமாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. அது தீப்பிடிக்கக் கூடியது.

எங்கே பறக்கலாம், எங்கே கூடாது?

டிரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்த வரைபடம் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதளத்தில் இருக்கிறது. பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். பொதுவாக டிரோனுக்கு யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் வாங்க வேண்டும் என்பதும் விதி. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

“ஏற்காடு மலைதானே, இங்கே எங்கே விமான நிலையம்?” என்று கேட்கலாம். மலைப்பாதையைச் சுற்றிப் போவதால் தூரமாகத் தெரிகிறதே தவிர, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் ஏற்காடு ஊரிலிருந்து நேர்கோட்டில் 15 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. மலையின் மேற்குச் சரிவும் அடிவாரமும் இன்னும் அருகே. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, 60 மீட்டருக்கு மேல் மஞ்சள். அங்கே 2023 அக்டோபரிலிருந்து விமானங்கள் மீண்டும் வந்து போகின்றன. ஆகவே, மலை ஏறும் முன் வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது, பலர் யோசிக்காத ஒன்று. 120 மீட்டர் என்பது தரையிலிருந்து உள்ள உயரம். லேடீஸ் சீட்டில் நின்று டிரோனை வெறும் 20 மீட்டர் மேலே ஏற்றி, நேராகப் பள்ளத்தாக்கு பக்கம் அனுப்பினால் என்ன ஆகும்? திரையில் 20 மீட்டர் என்றே காட்டும். ஆனால் கீழே தரை சரிந்து இறங்கிக்கொண்டே போகும். சற்று நேரத்தில் டிரோனுக்கும் அடியில் உள்ள தரைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆகிவிடும். ஓட்டுபவர் விரலை அசைக்காமலேயே விதி மீறப்பட்டுவிடும்.

காப்புக்காட்டுக்கு மேல் பறக்கவிட வனத்துறை அனுமதி வேண்டும். தேசிய ஆர்க்கிட் தோட்டம் போன்ற அரசு வளாகங்களுக்கும் அந்தந்த அலுவலகத்தில் கேட்பதே முறை. கோடை விழா நேரத்திலோ முக்கியப் பிரமுகர் வரும்போதோ காவல்துறை ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக 96 மணி நேரம் வரை அறிவிக்க முடியும். முந்தின நாள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

மலை யாருடையது?

சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. காபித் தோட்டங்களுக்குள் அவை மேய்வதை அங்கே இருப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு இது. தலைக்கு மேல் தேனீக்கூட்டம் போல இரைச்சல் கேட்டால் அது மிரண்டு ஓடும். ஓடுகிற வழியில் காபிப் பழம் பறிக்கும் பெண்கள் இருந்தால்? ‘மாடு ஓடுவதை மேலிருந்து எடுத்தால் சூப்பர் ஷாட்’ என்று நினைப்பவர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

லயன் வீடுகளுக்கு மேலும் மலைக்கிராமங்களுக்கு மேலும் கேட்காமல் பறக்கவிடக் கூடாது. கொல்லைப்புறத்தில் குளிக்கிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் வானத்திலிருந்து ஒரு கண் பார்க்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. மேலிருந்து ஏழை வீட்டையும் பணக்கார ரிசார்ட்டையும் ஒரே மாதிரி எடுத்துவிடலாம். ஆனால் ரிசார்ட்டில் அனுமதி கேட்பவர்கள், லயன் வீட்டில் கேட்பதில்லை. “அண்ணே, உங்க ஊரை மேலிருந்து எடுத்துக்கலாமா? எடுத்ததைக் காட்டுறேன்” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டீயும் கிடைக்கும், நல்ல இடம் எது என்ற தகவலும் கிடைக்கும்.

பருந்து வட்டமிட ஆரம்பித்தால் அன்றைக்குப் பறத்தலை முடித்துக்கொள்வது உத்தமம். அது அதன் வானம்.

முதல் பத்து நாள்

வாங்கிய அன்றே பக்கோடா பாயிண்ட் போகத் தேவையில்லை. தலைக்கு மேல் மரமும் கம்பியும் இல்லாத திறந்த இடம் வேண்டும். தோட்டக்காரர் தெரிந்தவராக இருந்தால் காபி உலர்த்தும் சிமென்ட் களம் அருமையான இடம். காபி காயாத மாதங்களில் கேட்டால் கொடுப்பார்கள். இரும்புக் கைப்பிடி அருகிலோ கார் பானட் மேலோ வைத்துக் கிளப்பினால் டிரோனின் திசைகாட்டி குழம்பும். வெறும் தரையே நல்லது.

முதல் நாள், தலை உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துப் பழகினால் போதும். பிறகு சதுரம் போட வேண்டும். அடுத்து, டிரோனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி ஓட்டிப் பழக வேண்டும். அப்போது இடது வலதாகும், வலது இடதாகும். புதியவர்கள் அதிகம் மோதுவது இங்கேதான். கைபேசியில் கிடைக்கும் டிரோன் பயிற்சி ஆப்களில் இதை மோதல் செலவில்லாமல் பழகலாம்.

பத்து நாளும் ஒரு பழக்கம் மாறாமல் இருக்கட்டும்: டிரோன் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 249 கிராம் டிரோன் 300 மீட்டரில் ஒரு புள்ளியாகிவிடும். ‘10 கிலோமீட்டர் போகும்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் காசு கொடுப்பவர்கள், பயன்படுத்தவே கூடாத தூரத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். வீடு திரும்பும் பட்டனையும் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட வேண்டும். அது எப்படித் திரும்புகிறது, எங்கே இறங்குகிறது என்று நிதானமாக இருக்கும்போதே தெரிந்துகொண்டால், பதற்றத்தில் கை நடுங்காது.

வீட்டில் குழந்தைகள் ஓட்டக் கேட்டால் கொடுக்கலாம். பக்கத்தில் பெரியவர் நிற்க வேண்டும், இறக்கை சுழலும்போது அருகே போகக் கூடாது. முதலில் சில ஆயிரம் ரூபாய் பொம்மையில் ஹாலுக்குள் பழகுவது குழந்தைகளுக்கு மட்டுமல்ல, தாத்தாவுக்கும் நல்ல வழிதான்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் உள்ள மொத்தத்தையும் டிரோனிலேயே போட்டுவிடாமல், 100 ரூபாயில் 70 ரூபாயை மட்டும் டிரோனுக்கு வைக்கலாம். மீதி 30 ரூபாய் கூடுதல் பேட்டரி, உதிரி இறக்கைகள், நல்ல மெமரி கார்டு, அடிபடாத பை ஆகியவற்றுக்கு. கீறல் விழுந்த இறக்கையை ஒட்டி ஒப்பேற்றக் கூடாது, மாற்றிவிட வேண்டும். பேட்டரியை முழு சார்ஜிலோ காலியாகவோ மாதக்கணக்கில் வைத்தால் கெடும். பாதிக்குச் சற்று மேல் சார்ஜில் வைப்பது நல்லது.

வருடத்துக்கு இரண்டு முறை சுற்றுலா போகும்போது மட்டும்தான் பறக்கவிடப் போகிறோம் என்று தெரிந்தால், வாங்காமல் இருப்பதும் நல்ல முடிவுதான். கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் மார்ச், ஏப்ரலில் காபிச் செடிகள் ஒரே நேரத்தில் பூத்து மலையே வெள்ளையாகும். அதை ஒரு முறை எடுக்க மட்டும்தான் ஆசை என்றால், சான்றிதழ் உள்ள ஒருவரை ஒரு காலைப் பொழுதுக்கு அமர்த்திக்கொள்ளலாம். செலவு பல மடங்கு குறையும்.

வாங்குவது என்று முடிவானால், கடைக்குப் போகும்போது இந்த வரிசையில் கேளுங்கள்: ஜி.பி.எஸ். உண்டா, தானாகத் திரும்புமா? திரும்பும் உயரத்தை மாற்றலாமா? பேட்டரியோடு எடை எவ்வளவு? எவ்வளவு காற்றைத் தாங்கும்? பில், வாரண்டி, உதிரி பாகம் உண்டா? மூன்று அச்சு கிம்பல் உண்டா? இந்த ஆறுக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகு, ஏழாவதாக மெகாபிக்சல் கேட்கலாம். கடைக்காரர் முதல் கேள்விக்கே பேச்சை மாற்றி 4கே பற்றிப் பேச ஆரம்பித்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.